ஒரு சொட்டும் நிற்காத தரை

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். போன வருடம் ஏழு வாரம் அந்த பஸ்ஸின் ஸ்டியரிங்கை அவன் தொடவில்லை. படிக்கட்டில் நின்று பிள்ளைகளின் பையை வாங்கி வைக்கும் வேலை பார்த்தான். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் வாய். என்னை அப்படிப் பேச வைத்தது என் வீட்டுக் கார் போர்ச்சின் தரை. தரைமீது பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தரையை அப்படிப் போட வைத்தவனும் நான்தான்.

என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலான ஜப்பான் கார். இரண்டே சீட். சுவிட்சைப் போட்டால் முன்விளக்குகள் தவளைக் கண் மாதிரி எழும்பும். ஈப்போவில், சிலிபின் பக்கம் எங்கள் தாமான் குடியிருப்பில் அதைப் பார்க்கிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான். பின்சீட் இல்லாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்? ஏழு சீட் வண்டி வாங்கித் தினமும் தனி ஆளாக வேலைக்குப் போய் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. 

முப்பது வருடம் தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்த்தவன் நான். என் காரை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். ஈப்போவில் கார் ரிப்பேர் பார்க்கும் ஃபோர்மேன் என்று சட்டையில் கிரீஸ் பூசிக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேருக்கு போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியும், ஆனால் மனசு வராது. டயர் கடையில் சக்கரம் நேராக்கும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களே, அதை நம்பி ஒரு முறை போனேன். அங்கே இருந்தவன் திரையைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். என் காரின் பின்பக்க போல்ட் துருப்பிடித்துத் திரும்பவில்லை. ஒரு தரம் ஸ்பேனரை வைத்து இழுத்துவிட்டு விட்டுவிட்டான். கடைசியில் எல்லாம் சரி என்று காகிதம் அடித்துக் கொடுத்தான். அந்தக் காகிதத்தை அவன் முன்னாலேயே கசக்கிப் போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பின்பக்க வேலை எல்லாம் வீட்டில்தான்.

பின்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைகளில் ரப்பர் புஷ் இருக்கும். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிற ரப்பர் உருளை. என் காரில் அது காய்ந்து வெடித்துப் போயிருந்தது. நான் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். என் அப்பா வெட்டிய பால்தான் கடல் கடந்து போய் இந்தக் காரில் திரும்பி வந்ததோ என்று யாராவது கவிதை எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அது வெடித்த ரப்பர். எஸ்டேட் வாழ்க்கை சொர்க்கம் என்று இப்போது போனில் படம் போடுகிறவர்கள் பலர் ஒரு நாள்கூடப் பால் வாளி தூக்கியதில்லை. அட்டை கடித்த காலைக் காட்டச் சொன்னால் ஓடிவிடுவார்கள்.

புஷ்ஷை மாற்றினேன். மாற்றுவதற்கு முன்னால், சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கிற போல்ட்கள் எந்த இடத்தில் இருந்தன என்று வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்தேன். அந்த போல்ட்டில் மையம் தள்ளிப் போன ஒரு வட்டத் தகடு இருக்கும். திருப்பினால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே போகும், இல்லை வெளியே வரும். விரல் நகம் அளவு திருப்பினாலே கார் நடக்கிற விதம் மாறும். புது ரப்பர் போட்டால் சாய்வை மறுபடி பார்த்து வைக்க வேண்டும். அதைத்தான் செய்யப் போனேன்.

இரண்டு நாள் செய்தேன். குறுக்கு வழி எதுவும் இல்லை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். இது தெரியாதவன்தான் ஊரில் பெரிய ஃபோர்மேன். நான் நான்கு சக்கரத்தையும் மரக்கட்டைமேல் ஏற்றி, காரின் முழுப் பாரமும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு அடியில் படுத்து இறுக்கினேன். ரிம்மின் குறுக்கே நேரான சட்டத்தை வைத்து, அதன்மேல் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை ஒட்டிப் பார்த்தேன். இடது பின்சக்கரம் ஏறக்குறைய நேராக நின்றது. வலது பின்சக்கரம் தலையை நன்றாக உள்ளே சாய்த்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் இந்தக் காரைத் தொட்ட எல்லா ஃபோர்மேனையும் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். நான் போட்ட வெள்ளைக் கோடுகளும் அவர்கள் வைத்த இடத்தைத்தானே காட்டுகின்றன, அந்தக் கோட்டை எதற்கு மதிக்க வேண்டும்? வலது சக்கரத்தின் தலையை வெளியே தள்ளினேன். இடது சக்கரத்தின் தலையை உள்ளே இழுத்தேன். இரண்டு பக்கமும் ரசமட்டத்தின் குமிழி ஒரே இடத்தில் நின்றது. இறுக்கினேன். ஒரு போத்தல் தண்ணீரை நின்ற இடத்திலேயே குடித்துவிட்டு, போன் குழுவில் படம் போட்டேன். பழைய கார் வைத்திருக்கிற வெட்டிப் பயல்களின் குழு அது. நாற்பது பேர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். ஒருவன்கூட, படத்தில் கார் நிற்கிற தரை எப்படி என்று கேட்கவில்லை. நாற்பது பேர், எண்பது கண்.

மச்சான் பல வருடமாக அந்தக் காரை ஓட்டிப் பார்க்கக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கொடுத்ததில்லை. பஸ் ஓட்டுகிறவனுக்கு இதன் ருசி தெரியாது என்பேன். அவன் சிரித்துவிட்டுப் போவான். அவனும் நானும் ஒரே எஸ்டேட், ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். அவன் எதற்கும் சண்டை போட மாட்டான். எனக்கு அது எப்போதும் எரிச்சல். அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தபோது, நானாகச் சாவியைத் தூக்கிப் போட்டேன். என் வேலையை யாராவது பார்த்துப் பாராட்ட வேண்டும் என்று அரிப்பு.

"பின்னாடிய நானே செட் பண்ணியிருக்கேன். ஓட்டிப் பாரு. ரயில் மாரி போவும்."

"ரயிலுக்கு ஸ்டியரிங் இல்லலா, மச்சான்" என்றான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து ஊர் லகாட் பக்கம் போனோம். நாங்கள் பிறந்த எஸ்டேட் இருந்த இடம் வழியில்தான். இப்போது ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் வீடுகள். அங்கே ரோடு இடது பக்கமாக வளையும். அந்த வளைவில் நடந்து நடந்து வளர்ந்த கால்கள் எங்கள் இருவருக்கும். மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. ரோடு பளபளத்தது. மச்சான் வேகத்தைக் குறைத்தான். நான் மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தைந்து. வளைவில் பாதி போனதும் காரின் வால் வலது பக்கமாக வெளியே வழுக்கியது. எதிர்த் தடத்தில் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. மச்சான் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை வால் போன பக்கம் திருப்பி, காத்திருந்து, விட்டுப் பிடித்தான். கார் ஒரு ஆட்டம் ஆடித் திரும்பி, இடது பின்சக்கரம் ஓரக் கல்லில் மோதி நின்றது. லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே போய்விட்டது. ரிம் நசுங்கியதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் நான் ஓட்டியிருந்தால் பிரேக்கை மிதித்திருப்பேன். லாரிக்கு அடியில் போயிருப்போம். அது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அடுத்து வந்ததையெல்லாம் பேசினேன்.

இறங்கி நின்றோம். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"வால் தானா போச்சு, மச்சான்."

"தானா போவுமா? நீ என்னா பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலலா."

"அப்ப கார்தான் பைத்தியமா?"

அவன் குனிந்து நசுங்கிய ரிம்மைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். காரைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவில்லை. நான் செட் பண்ணியது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற ஒரே மனிதன் இந்த ஊரில் அவன்தான்.

எங்கள் தாமான் முனையில் ஒரு மாமாக் கடை, சாப்பாட்டுக் கடை, இருக்கிறது. காலையில் ரொட்டி, பிறகு தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய டீ, பிறகு மறுபடி தே தாரிக். வேலை இல்லாதவர்களும் வேலையை விட்டு ஓடி வந்தவர்களும் உட்காருகிற இடம். ஊர் நியாயம் எல்லாம் அங்கேதான் தீரும். ஒருவனுக்கும் தன் வீட்டு நியாயம் தீர்க்கத் தெரியாது. அந்தக் கூட்டத்தைக் கண்டால் எனக்கு இளக்காரம். ஆனாலும் மறுநாள் காலையில் அங்கே போய் உட்கார்ந்து, மச்சான் என் காரைச் சுற்றவிட்ட கதையைச் சொன்னேன். முதல் தடவை சொன்னபோது வேகம் அறுபது. அடுத்த நாள் எழுபது. வாரக் கடைசியில் எண்பது. லாரியும் கிட்டக் கிட்ட வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. அன்றைக்கு ஒன்று சொன்னேன்.

"இவன நம்பியா பிள்ளைங்கள பஸ்ல ஏத்துறீங்க?"

சிரிப்புக்காகச் சொன்னது. பக்கத்து மேசையில் மச்சானின் முதலாளி உட்கார்ந்திருந்தார். மூன்று பள்ளிக்கூட பஸ் வைத்திருக்கிறவர். அவர் சிரிக்கவில்லை. கடைக்கு வந்துபோகும் தகப்பன்மார்களும் சிலர் இருந்தார்கள். அவர்களும் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியிருப்பார்கள். இரண்டே வாரத்தில் மூன்று குடும்பம் பிள்ளைகளை வேறு பஸ்ஸுக்கு மாற்றின. இரண்டு தாய்மார் முதலாளிக்கு நேராகப் போன் போட்டு, எண்பதில் போகிற ஆளை வைத்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். அவர் மச்சானைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் படிக்கட்டில் நில், பேச்சு அடங்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஸ்டியரிங் ஒரு பொடியன் கைக்குப் போனது. அந்தப் பொடியன் போனைக் காதில் வைத்துக்கொண்டே பஸ் ஓட்டுவான். அதைப் பற்றி எந்தத் தாயும் பேசவில்லை.

மச்சான் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கேட் பக்கம் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"மச்சான், நீ பக்கத்துலதான இருந்த. நான் என்னா தப்பு பண்ணினேன்னு சொல்லு. எனக்கு யோசிச்சு யோசிச்சுப் பாத்தாலும் தெரியல."

அவன் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. தப்பைத் தெரிந்துகொண்டால் திருத்திக்கொள்ளலாம் என்று கேட்டான். பிள்ளைகளை ஏற்றுகிறவன், அதனால் கேட்டான். நான் நாற்பத்தைந்து என்று சொல்லியிருக்கலாம். பிரேக்கைத் தொடாமல் நீதான் என்னைக் காப்பாற்றினாய் என்று சொல்லியிருக்கலாம்.

"உனக்கு வயசாச்சு" என்றேன்.

அடுத்த வாரம் அவன் கண் டாக்டரிடம் போய் வந்ததாக என் மனைவி சொன்னாள். கண்ணில் ஒன்றும் இல்லையாம். காலில் மதமதப்பு இருக்கிறதா என்று வேறு டாக்டரைப் பார்க்கப் போகிறானாம். அவள் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

நசுங்கிய ரிம்முக்குப் பதில் வேறு ரிம் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அது வரும் வரை கார் போர்ச்சில் கட்டைமேல் நின்றது. ரிம் வந்தது. மாட்டினேன். ஓரக் கல்லில் இடித்ததால் சாய்வு மாறியிருக்கும், மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ரசமட்டத்தை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் போர்ச் கழுவுகிற நாள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். காலையில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவி, வாசலில் கோலம் போட்டு, சாமிக்கு விளக்கு ஏற்றுவார்கள். அதற்காகவே ஆறு வருடத்துக்கு முன்னால் போர்ச்சுக்கு டைல் போட்டேன். பழைய சிமென்ட் தரையில் தண்ணீர் குட்டை குட்டையாக நிற்கும், கொசு வரும், என் மனைவி விளக்குமாற்றால் தள்ளித் தள்ளி இடுப்பு பிடித்துக்கொள்வாள். டைல் போட வந்த காண்ட்ராக்டர் ஒரு சோம்பேறி. லேசான சரிவு போதும் என்றான். நான் அவனை விடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக்கூடாது, நின்றால் பெயர்த்துவிட்டு மறுபடி போட வைப்பேன் என்று அவன் தலைக்கு மேலேயே நின்றேன். வெளிக் கால்வாய்க்குப் போகிற துவாரம் போர்ச்சின் இடது மூலையில் இருக்கிறது. வலது சுவரிலிருந்து அந்த மூலையை நோக்கிச் சரிவு வை, இன்னும் வை, இன்னும் வை என்றேன். அவன் வெறுத்துப் போய் வைத்தான். முடிந்த அன்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன். ஓடிவிட்டது. அந்தத் தரையைப் பற்றி ஒரு வருடம் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது என் மனைவி குழாயைத் திறந்துவிட்டாள். நான் கத்தினேன். கார் வேலை நடக்கும்போது தண்ணீர் விடுகிறாளே, ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க, ஓடிரும். நீங்க போட வச்ச தரைதான."

தண்ணீர் வலது சுவரிலிருந்து வந்தது. என் செருப்பை நனைத்தது. வலது பின்சக்கரத்தின் கட்டையைத் தொட்டது, காரின் வயிற்றுக்கு அடியில் ஓடியது, இடது பின்சக்கரத்தின் கட்டையைச் சுற்றிக்கொண்டு மூலைத் துவாரத்தில் விழுந்தது. ஒரு சொட்டும் நிற்கவில்லை.

நான் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன்.

முப்பது வருடம் மெஷின் பார்த்தவன். தொழிற்சாலையில் எந்த மெஷினை இறக்கினாலும் முதல் வேலை தரை மட்டம் பார்ப்பது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். என் வீட்டில் நான் பார்க்கவில்லை. என் தரை, நான் போட வைத்தது, அதில் என்ன தப்பு இருக்கும்? தரை இடது பக்கம் சாய்ந்தால் கார் முழுவதும் இடது பக்கம் சாயும். வலது சக்கரம் உள்ளே சாய்ந்த மாதிரியும் இடது சக்கரம் நேராக நிற்கிற மாதிரியும் ரசமட்டம் காட்டும். இரண்டும் உண்மையில் ஒரே அளவில், சரியாகத்தான் இருந்திருக்கின்றன. நான்தான் வலதை வெளியே தள்ளி, இடதை உள்ளே இழுத்து, இரண்டையும் கெடுத்தேன். இடது பக்க வளைவில் திரும்பும்போது பாரம் முழுவதும் வலது பின்சக்கரத்தில்தான் விழும். பிடிக்க வேண்டிய சக்கரத்தைப் பிடிக்க விடாமல் வைத்துவிட்டு, அதை ஓட்டச் சொல்லி அவன் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறேன்.

அப்போதும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. சரிவு அவ்வளவு இருக்காது என்று பார்த்தேன். மீன்தொட்டிக்கு வைத்திருந்த, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வலது சக்கரத்துக்கும் மறுமுனையை இடது சக்கரத்துக்கும் பக்கத்தில் பிடித்தேன். வீடு கட்டுகிறவர்கள் மட்டம் பார்க்கிற பழைய வழி. தண்ணீர் யாருக்கும் பயப்படாது. வலது சக்கரத்தடியைவிட இடது சக்கரத்தடியில் தரை மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

அந்தச் சோம்பேறி காண்ட்ராக்டர் சொன்ன லேசான சரிவு போதுமாயிருந்திருக்கும்.

தரை போட்டது போக மிஞ்சிய டைல்கள் பின்கட்டில் கிடந்தன. இடது பக்கச் சக்கரங்களுக்கு அடியில் அவற்றை அடுக்கி, தண்ணீர்க் குழாயை வைத்து நான்கு சக்கரத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். சக்கரம் நகர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காக மேல் டைலுக்குக் கீழே கிரீஸ் தடவிய பிளாஸ்டிக் பை இரண்டை வைத்தேன். பிறகு போல்ட்டைத் தளர்த்திச் சாய்வைச் சரி பார்த்தேன். இரண்டு பக்கமும் குமிழி ஒரே இடத்துக்கு வந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட்டின் தகடு நான் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு ஏறக்குறைய நேராக நின்றது. எந்த ஃபோர்மேன்களைத் திட்டினேனோ அவர்கள் வைத்த இடம்.

மூன்று நாள் மழைக்காகக் காத்திருந்தேன். மழை விட்டதும் தனியாக அந்த வளைவுக்குப் போனேன். நாற்பத்தைந்தில் திரும்பினேன். கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்து ஐம்பதில் போனேன். வால் அசையவில்லை. ஐந்தாறு தடவை போய் வந்தேன். ஒரு தடவையாவது வழுக்காதா, மச்சான் தப்புதான் என்று ஆகாதா என்று உள்ளுக்குள் ஒரு நாய் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. வழுக்கவில்லை.

இது யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரியவும் போவதில்லை. பேச்சு அடங்கினால் அவனுக்கு ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு என் மனைவி, கால் டாக்டரும் ஒன்றும் இல்லை என்றுவிட்டார், அண்ணன் இந்த வருடத்தோடு வேலையை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறது என்றாள். தன் மேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டதாம். பிள்ளைகள் இருக்கிற வண்டி, நமக்கே தெரியாமல் கை தப்பினால் என்ன செய்வது என்றானாம்.

சனிக்கிழமை காலையில் மாமாக் கடைக்குப் போனேன். அதே கூட்டம். அதே முதலாளி. உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். மச்சான் மேல் தப்பில்லை, என் கார் தப்பு, காரை அப்படி வைத்தது நான், என் போர்ச் தரை சரிவு, நான் மட்டம் பார்க்கவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். ஒருவனுக்கும் புரியவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பார்த்தார்கள். முதலாளிக்கு மட்டும் வேண்டியது புரிந்தது.

"அப்ப எண்பதுல போனான்னு சொன்னது?"

"நாப்பத்தஞ்சு."

பின்னால் ஒருவன் கேட்டான். "மீதி முப்பத்தஞ்சு எங்கலா போச்சு, அண்ணே?"

"நான் போட்டது" என்றேன்.

சிரித்தார்கள். முன்பு மச்சானைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, ஒரு மாற்றமும் இல்லை. யாரைப் பார்த்து என்பது அவர்களுக்கு முக்கியம் இல்லை. தே தாரிக்குக்குத் தொட்டுக்கொள்ள எது கிடைத்தாலும் போதும். இந்தக் கூட்டத்துக்காகத்தான் நான் ஒரு மனிதனைப் படிக்கட்டில் நிறுத்தினேன். லாரி வந்தபோது அவன் பிரேக்கைத் தொடாமல் காரைப் பிடித்ததையும் சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை, கேட்கவும் இல்லை. முதலாளியிடம் மட்டும் தனியாக இன்னொரு தடவை சொன்னேன். அந்தத் தாய்மார்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். நம்பரைக் கொடுத்தார். பண்ணினேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர், நீங்கள் அவருக்குச் சொந்தக்காரர், அப்படித்தான் சொல்வீர்கள் என்று போனை வைத்துவிட்டார். நான் பொய் சொன்னபோதும் சொந்தக்காரன்தான். அப்போது நம்பினார்.

மச்சானுக்கு நான் நேரில் போய்ச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. என் மனைவியிடம் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, எழுந்து போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினாள். இடையில் அழுத மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். இந்தத் தடவை கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். கார் வெளியே ரோட்டில் நின்றது. போர்ச் காலியாக இருந்தது. என்னைப் பார்க்காமல், தங்கச்சியிடம் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டான். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். வலது சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, பாதித் தண்ணீரைத் தரையில் ஊற்றினான். அது ஓடி மூலையில் விழும் வரை பார்த்தான். மீதியைக் குடித்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"நான் கண் டாக்டர பாத்தேன், கால் டாக்டர பாத்தேன். நீ ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்திருந்தா போதும்லா, மச்சான்."

நான் தலையை ஆட்டினேன்.

"பக்கத்துல இருந்த. நாப்பத்தஞ்சுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிரேக்க நான் தொடலன்னும் தெரியும்."

"தெரியும்."

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் ஊரைப் பார்க்கிற பார்வை அது. எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காரை ஓட்டிப் பார்க்கிறாயா என்று சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. உள்ளே போய்த் தங்கச்சி வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி அவனை மறுபடி பஸ்ஸில் உட்கார வைத்தார். மாற்றிப் போன மூன்று குடும்பத்தில் ஒன்றுதான் திரும்பி வந்தது. போன் பேசிக்கொண்டு ஓட்டிய பொடியன் வேறு கம்பெனிக்குப் போய் அங்கேயும் ஓட்டுகிறான்.

மச்சானின் பஸ் எங்கள் வீட்டு வழியாகப் போகாது. பிள்ளைகள் யாரும் எங்கள் வரிசையில் ஏறுவதில்லை. ஆனாலும் இப்போது தினமும் காலையில் சுற்றிக்கொண்டு இந்த வழியாக வருகிறான். என் கேட்டுக்கு நேராக வந்ததும் வேகத்தைக் குறைத்து ஒரு நீள ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எதற்கு என்று கேட்கிறார்கள். என் மனைவி, அண்ணன் தன்னைக் கூப்பிடுகிறது என்று அவர்களிடம் சொல்கிறாள். எனக்குத்தான் அடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். அடிக்கட்டும்.